தாகத்தம்மாவின் நான்கு பாட்டில்கள்

உஸ்பயாத்தா, பாப்லார் மரத்தடி, கூடார மைதானம்
செவ்வாய், 2 ஏப்ரல் 1996

என் அக்கா பெற்ற ஒரே ரத்தினம் அனலீயாவுக்கு,

ஆண்டீஸ் மலையை நாளை மறுநாள் வெல்லப்போகிற உன் தாய்மாமன் நிக்கனோர் எழுதுவது. நான் நலம். நம் நாய் செனட்டர் என்னைவிட நலம். உருகுவேயில் நம் பைசாந்துவிலிருந்து ஐந்து நாள், அர்ஜென்டினாவை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கிழித்துக்கொண்டு வந்திருக்கிறோம். வழியில் என்னை மறித்த போலீஸ்காரர்களை வரிசையில் நிறுத்தினால் நிலாவைத் தொட்டுத் திரும்பலாம். எல்லாரும் முதலில் என்னிடம் கேட்டது ரொட்டி. பேக்கரி வேனை வாங்கி வீடாக்கியவன் பக்கவாட்டில் இருக்கும் "தினமும் சூடான ரொட்டி" என்ற எழுத்தை அழித்திருக்க வேண்டும் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டடி உயர எழுத்து. எனக்கு மனம் வரவில்லை. உள்ளே படுத்தால் இன்றைக்கும் ரொட்டி வாசனை.

இன்று மலையேறும்போது நம் வேன் அரண்மனைக்குச் சற்றுக் கோபம் வந்துவிட்டது. ரேடியேட்டரிலிருந்து கிளம்பிய ஆவியில் அரை மணி நேரம் சிலி நாடே தெரியவில்லை. என்னிடம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆறோ கீழே பாதாளத்தில். நல்லவேளையாக, சாலையோரத்தில் நாய்வீடு அளவில் ஒரு குட்டிக் கோயில். அதைச் சுற்றி நாலாயிரம் தண்ணீர் பாட்டில்கள். யாரோ ஓர் அம்மா கைக்குழந்தையோடு பாலைவனத்தில் நடந்து தாகத்தில் செத்துப்போனாளாம். குழந்தை மட்டும் அவள் மார்பில் உயிரோடு கிடந்ததாம். லாரிக்காரர்கள் அவளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவள் குடிக்கிற மாதிரித் தெரியவில்லை. நான்கு பாட்டில்களை எடுத்து ரேடியேட்டரில் ஊற்றினேன். செனட்டர் மட்டும் கோயிலைப் பார்த்துக் குரைத்தது. வயதாகிவிட்டது, பாவம்.

நாளை முழு ஓய்வு. உன் மாமன் வாழ்க்கையில் எடுக்கும் முதல் ஓய்வுநாள். நாற்காலி, குடிக்க மாத்தே டீ, மஞ்சளாகிக்கொண்டிருக்கும் மரங்கள், காலடியில் நாய். வியாழன் காலையில் மலையைக் கடந்து மதியச் சாப்பாட்டுக்குச் சிலியில் உன் வீட்டில் இருப்பேன். ஞாயிறு பதினொரு மணிக்கு ஞானஸ்நானத்தில் உன் மகள் குட்டி தெல்ஃபினாவை இந்தக் கைகளில் ஏந்தி ஞானத்தகப்பனாக நிற்பேன். அக்காவின் பெயரை அவளுக்கு வைத்தாயே, அதற்காக நான் கோயிலுக்குள் மட்டுமல்ல, குளிக்கவும் சம்மதிக்கிறேன்.

பாலாடைக்கட்டி இரண்டு சக்கரம், சலாமி பதினாறு முழம், தேன், பால்கோவா பத்து ஜாடி எல்லாம் வருகின்றன.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் வில்ஃப்ரேதோ, மெண்டோசா–சிலி பேருந்து ஓட்டுநர். இங்கே டீ குடிக்க நிறுத்துவார், உங்கள் ஊரில் பெட்ரோல் பங்கில் நிறுத்துவார். பதிலை அவரிடமே கொடு. அரசாங்கத் தபாலைவிட நூறு மடங்கு வேகம், மீசையும் பெரிது.

ஆயிரம் முத்தங்களுடன்,
நிக்கனோர் பென்தன்கூர்
(செனட்டரின் கால்தடம் கீழே. சேற்றை மன்னிக்கவும்.)

•

லோஸ் ஆந்தேஸ்
புதன், 3 ஏப்ரல் 1996

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குழந்தையும் நானும் நலம். வீட்டுக்காரர் எலிசேயோ வணக்கம் சொல்லச் சொன்னார்.

ஓய்வுநாளா? மாமா, நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து என் வீட்டுக்கு நாலைந்து மணி நேரப் பயணம். என் சமையலறையிலிருந்து பார்த்தால் தெரியும் அந்த மலைக்குப் பின்னால்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏன் இப்போதே கிளம்பக் கூடாது?

இன்னொன்று. இந்த வாரத்துக்கு நம் உருகுவேயில் சுற்றுலா வாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதால் உலகம் முழுவதும் சுற்றுலா போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே அது பரிசுத்த வாரம். நாளையிலிருந்து கடை, ஒர்க்‌ஷாப், கால்நடை மருத்துவர், எதுவும் இருக்காது. நானும் இங்கே கல்யாணமாகி வந்த முதல் வருடம் பெரிய வெள்ளியன்று இறைச்சி சுட அடுப்பு மூட்டி, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான்.

செனட்டரின் மருத்துவச் சான்றிதழ் சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குப் பிறகு எல்லையில் விடமாட்டார்கள். பாலாடைக்கட்டி, சலாமி, தேன் மூன்றையும் அங்கேயே தின்று தீர்த்துவிடுங்கள். சிலிக்காரர்கள் ஓர் ஆப்பிள் கொட்டையைக்கூட உள்ளே விடமாட்டார்கள்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கும் ரேடியேட்டர்தான் கொதித்தது. இரண்டு நாள் கழித்து மொந்தெவிதேயோவுக்கு வந்து, ஆவியில் மாடுகள் வெந்துபோன கதையைச் சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் பட்டமளிப்புக்கு டயர். என் கல்யாணத்துக்குக் கிளட்ச். இப்போது மறுபடியும் ரேடியேட்டர்.

எலிசேயோவின் தம்பி எர்னான் புது ஷூ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். "உங்க மாமா வரலேன்னா நான் இருக்கேன் அண்ணி" என்று தினமும் சொல்கிறான். நல்ல பையன். ஆனால் அவன் என் அம்மாவின் ரத்தம் இல்லை. அந்த இடத்தில் அம்மா வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்றுதான் உங்களைக் கேட்டேன். உங்களைத் தவிர யாரும் மிச்சமில்லை.

செனட்டரைப் பார்த்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு என்னை நினைவிருக்குமா?

அன்புடன்,
அனலீயா

•

உஸ்பயாத்தா, அதே மரத்தடி
வியாழன், 4 ஏப்ரல் 1996

அன்பு மருமகளே,

முதலில் ஓய்வுநாளின் வரலாறு.

காலை எட்டு மணிக்கு நாற்காலியை விரித்தேன். எட்டு ஐந்துக்கு ஒரு காற்று வந்தது. காற்று என்றா சொன்னேன், மலையே தும்மியது. என் பந்தல் துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இந்நேரம் பிரேசிலில் யாராவது அதன் கீழே உட்கார்ந்திருப்பார்கள். பத்து மணிக்குச் செனட்டர் காணாமல் போனது. பதினொன்றுக்குத் திரும்பி வந்தது. நடுவில் ஒரு செத்த ஆட்டின்மேல் புரண்டிருக்கிறது. அந்த நாற்றத்தில் நெப்போலியன் படையே பின்வாங்கியிருக்கும். பனி உருகி வரும் ஆற்றில் இறக்கி, சோப்பு போட்டு, என் விரல்கள் நீலமாகும்வரை குளிப்பாட்டினேன். கரையேறியதும் நேராக என் மாத்தே குவளை பக்கத்தில் வந்து நின்று உடம்பை உதறியது. மாலை வரை உலர்த்தினேன். உலர்ந்ததும் மறுபடியும் ஆட்டைத் தேடிப் போனது. இதுதான் நான் அறுபது வருடமாகக் காத்திருந்த ஓய்வு.

உன் கடிதம் மாலையில் வந்தது. படித்துவிட்டு, சத்தியமாக, இன்று விடியற்காலையிலேயே கிளம்ப உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். அரண்மனை ஒருமுறை இருமியது. அடியில் பச்சைத் தண்ணீர் குளமாக நின்றது.

ஊரில் மெக்கானிக் ஒரே ஒருவர், பெரியவர் சிரிலோ. கதவைத் தட்டினேன். ஜன்னலைத் திறந்தார்.

"கடை இல்ல."

"வெளிநாட்டுக்காரன் நான். வண்டி கெளம்ப மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

"இன்னிக்குப் பெரிய வியாழன். நாளைக்குப் பெரிய வெள்ளி. சனிக்கிழமை ஆண்டவர் கல்லறையில இருக்கார். திங்கக்கிழமை வா."

"ஆண்டவரே ஞாயித்துக்கெழமை எழுந்துடுறாரு. நீங்க எதுக்குத் திங்கள் வரைக்கும்?"

"அவருக்கு முப்பத்திமூணு வயசு. எனக்கு அறுபத்தெட்டு."

இப்படிப்பட்ட மனிதரோடு நான் முப்பது வருடம் நண்பனாக இருந்திருக்கலாம். இருந்தாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. வேலை செய்ய மாட்டேன், பார்க்க மட்டும் செய்கிறேன் என்று மைதானத்துக்கு வந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்.

"வழியில தண்ணி ஊத்துனியா?"

"ஊத்தினேன்."

"எங்க புடிச்ச? ஆறு கெடக்குது கீழ."

நான் உண்மையைச் சொன்னேன். இதைக் கவனி, அனலீயா: என் வாழ்க்கையில் உண்மை சொன்ன நேரங்களை விரல்விட்டு எண்ணலாம், அதில் ஒன்று இப்படி முடிந்தது. "ரோட்டோரம் ஒரு குட்டிக் கோயில்ல. பாட்டில் நெறைய கெடந்துச்சு" என்றேன்.

அவர் மூடியை வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"அது தாகத்தம்மா தண்ணி."

"அவங்க குடிக்கலியே."

"நீ குடிச்சியா?"

"இல்ல."

"நீ தவிச்சுக் குடிச்சிருந்தா நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இந்தக் கெழட்டு நாய்க்குக் குடுத்திருந்தாக்கூட அம்மா கோச்சுக்க மாட்டாங்க. இஞ்சினுக்கு ஊத்தியிருக்க. எத்தன பாட்டில்?"

"நாலு."

"நாலையும் திருப்பி வெச்சுட்டு வா. அதுவரைக்கும் இந்த வண்டியில நான் கை வெக்க மாட்டேன். என் தம்பி லாரி ஓட்டுறான், எனக்குப் பயமா இருக்கு."

நான் உருகுவே குடியரசின் பிரஜை. நாங்கள் கிறிஸ்துமஸையே குடும்ப தினம் என்று பெயர் மாற்றியவர்கள். ஒரு நாய்வீட்டுக்கு முன்னால் நான் பாட்டில் வைப்பதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். கால்நடை மருத்துவர் வீட்டுக் கதவில் சிலுவை தொங்குகிறது. கசாப்புக்கடையில் பூட்டு. அறுபது வருடமாகச் சுற்றுலா வாரம் என்று கேட்டுக் கேட்டு, இதில் ஆண்டவருக்கும் பங்கு உண்டு என்பதை ஒருவனும் எனக்குச் சொல்லவில்லை. உன்னைத் தவிர. நீயும் தாமதமாகச் சொன்னாய்.

எப்படியாவது வருவேன். என்னை நம்பு.

சோப்பு நாற்றத்துடனும் முத்தங்களுடனும்,
நிக்கனோர்

•

லோஸ் ஆந்தேஸ்
வெள்ளி, 5 ஏப்ரல் 1996, காலை

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் ஏற்கனவே படித்திருக்கிறேன். ஆடு புதிது. மற்றதெல்லாம் பழையது.

பேருந்து இருக்கிறது. இடம் இல்லை என்று சொல்வீர்கள் என்று தெரியும், அதனால் நானே வில்ஃப்ரேதோவிடம் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை இரண்டு மணிக்கு அங்கிருந்து கிளம்பும் பேருந்தில், ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உங்களை உட்காரவைக்க ஏற்பாடு செய்திருக்கிறார். நாயை ஏற்ற முடியாது. அதை அங்கே யாரிடமாவது இரண்டு நாள் விட்டுவிட்டு வாருங்கள்.

"உங்க அம்மா அடக்கத்துக்கே வராத ஆளு, உன் கொழந்தைக்கு வருவாரா?" என்று என் மாமியார் நேற்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

சனிக்கிழமை அந்தப் பேருந்திலிருந்து நீங்கள் இறங்கவில்லை என்றால் எர்னான் நிற்பான். அதற்குப் பிறகு கடிதம் எழுத வேண்டாம். எனக்குச் சிரிக்க இனி தெம்பு இல்லை.

அனலீயா

•

உஸ்பயாத்தா
வெள்ளி, 5 ஏப்ரல் 1996, மாலை ஐந்து மணி

அனலீயா,

இந்தக் கடிதத்தில் நான் எதையும் பெரிதாக்கப் போவதில்லை. பழக்கமில்லாத வேலை, பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் சிரிலோ வீட்டுக்குப் போய் அவருடைய தள்ளுவண்டியைக் கேட்டேன். ஒற்றைச் சக்கர வண்டி, சிமெண்ட் அள்ளுவது. நான்கு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அதில் வைத்தேன். செனட்டர் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. பதினான்கு வயது, ஒரு கண் தெரியாது. அதையும் தூக்கி வைத்தேன். கோயில் ஆறு கிலோமீட்டர். அறுபது இல்லை. ஆறு.

வழியில் சிலுவைப்பாதை ஊர்வலம் எதிரே வந்தது. நாயையும் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு போகிற என்னைப் பார்த்து வழிவிட்டார்கள். ஒரு கிழவி என் தோளைத் தொட்டு, "என்ன பாவம் பண்ணியோ, ராசா" என்றாள். வேறொரு நாளாக இருந்தால் அதற்கு நாற்பது பதில் சொல்லியிருப்பேன். தள்ளிக்கொண்டே போனேன்.

பாட்டில்களை வைத்தேன். செனட்டர் இந்த முறை குரைக்கவில்லை. அங்கே ஒரு சின்ன பொம்மை: அம்மா படுத்திருக்கிறாள், குழந்தை பால் குடிக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்ததும் சிரிலோ சொன்னபடி வண்டியைத் திறந்தார். வாட்டர் பம்ப் உடைந்திருக்கிறது. மெண்டோசாவிலிருந்து வர வேண்டும், திங்கட்கிழமை கடை திறந்த பிறகு. தாகத்தம்மா அற்புதம் எதுவும் செய்யவில்லை. "அம்மாகிட்ட வாட்டர் பம்ப் இல்லப்பா" என்று சிரிலோவே சொல்லிவிட்டார்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று ரேடியேட்டர் கொதிக்கவில்லை. வண்டி கடிகாரம் போல ஓடியது. காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். கல்லறைத் தோட்டத்துக்கு எதிர்த் தெருவில், பூக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கறுப்புக் கோட்டு போட்டிருந்தேன். நீங்கள் எல்லாரும் உள்ளே போவதைப் பார்த்தேன். கதவைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் திறந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அக்கா என்னிடம் விட்டுப்போன நாய், பக்கத்து இருக்கையில்.

சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரே வேலை, அக்காவைச் சிரிக்கவைப்பது. அப்பா அடித்த நாளில், உன் அப்பா விட்டுப்போன நாளில், டாக்டர் அந்தச் செய்தியைச் சொன்ன நாளில்கூட. அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றால் அவள் சிரிக்க மாட்டாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை. இரண்டு நாள் ஊருக்கு வெளியே சுற்றிவிட்டு, வெந்த மாடுகளோடு உன் வீட்டுக்கு வந்தேன்.

டயர் நிஜம். கிளட்ச் பாதி நிஜம்.

இப்போது உண்மையாகவே பம்ப் உடைந்திருக்கிறது, நம்ப ஆளில்லை. உன்மேல் கோபமில்லை. எனக்கு என்மேல்தான் ஆத்திரம், ஒரு நல்ல பொய்யை ஏற்கனவே செலவழித்துவிட்டேனே என்று.

செனட்டரை நான் இதுவரை யாரிடமும் விட்டதில்லை. நான் கண்ணில் படாமல் போனால் தண்ணீர்கூடக் குடிக்காது. ஆனாலும் சிரிலோவிடம் கேட்டிருக்கிறேன், ஒர்க்‌ஷாப்பில் கட்டிவைக்கச் சம்மதித்தார். நாளை மதியம் வில்ஃப்ரேதோ கீழே இறங்கும்போது உன் பதிலைக் கொண்டுவருவார். இதைப் படித்த பிறகும் நான் வர வேண்டும் என்றால் ஒரு வார்த்தை எழுது, இரண்டு மணிப் பேருந்தில் ஏறிவிடுவேன். கோட்டு அதேதான். வேண்டாம் என்றால் எர்னானிடம் மெழுகுவர்த்தியைக் கொடு. ஷூவாவது புதிது.

நிக்கனோர்

•

லோஸ் ஆந்தேஸ்
சனி, 6 ஏப்ரல் 1996, காலை

அன்புள்ள மாமாவுக்கு,

பூக்கடை. தெரியும் மாமா.

பக்கத்தில் இரண்டடி எழுத்தில் தினமும் சூடான ரொட்டி என்று எழுதியிருக்கிற வண்டியை மொந்தெவிதேயோவில் எங்கே நிறுத்தினாலும் தெரியும். அம்மாவை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் வந்த காரில் நான் இருந்தேன். திரும்பும்போது பார்த்தேன். செனட்டர் ஜன்னலில் தாடையை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. நீங்கள் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்திருந்தீர்கள். இறங்கி வருவீர்கள் என்று கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு நான்கு வருடமாகக் கடிதத்துக்குக் கடிதம் அந்தக் கதையைச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ரேடியேட்டர் இன்னும் பெரிதாகக் கொதித்தது. ஒவ்வொரு முறையும் நானும் சிரித்தேன். நீங்களாகச் சொல்வீர்களா என்று பார்த்துக்கொண்டே சிரித்தேன். எனக்குக் கோபம் நீங்கள் உள்ளே வராததற்கு இல்லை, அதை என்னிடம் மறைத்ததற்கு. நானும் உள்ளே போக விரும்பவில்லை. உங்களோடு அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது.

நேற்று உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது வில்ஃப்ரேதோ, "உங்க மாமா வண்டி நெஜமாவே படுத்துடுச்சும்மா, நானே குனிஞ்சு பார்த்தேன். அந்த நாய் நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்கு" என்றார். சாட்சி சொல்ல வேறு ஆள் கிடைக்கவில்லையா உங்களுக்கு?

விடிந்ததும் பாதிரியாரிடம் போனேன். ஞானத்தகப்பன் வர முடியாவிட்டால் அவர் சார்பில் இன்னொருவர் நிற்கலாமாம், பதிவேட்டில் வராதவரின் பெயரே ஏறுமாம். உங்கள் ஞானஸ்நானச் சீட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது, உங்களுக்கே தெரியாமல் பத்திரப்படுத்தியிருக்கிறார். "ஆனா, நம்பிக்கை உள்ளவரா உங்க மாமா?" என்று பாதிரியார் கேட்டார். "தாகத்தம்மாவுக்குத் தண்ணி திருப்பிக் குடுக்க, நாயைத் தள்ளுவண்டியில வெச்சு ஆறு கிலோமீட்டர் தள்ளிட்டுப் போனவரு, சாமி" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். "பேரச் சொல்லும்மா" என்றார்.

எர்னானுக்கு முகம் வாடிவிட்டது. நாளை பதினொரு மணிக்கு அவன் அவனுடைய புது ஷூவில் உங்களுக்காக நிற்பான். அவனுக்கு ஒரு ஜாடி பால்கோவா கடன்பட்டிருக்கிறீர்கள்.

இரண்டு மணிப் பேருந்தில் ஏறாதீர்கள். அம்மா உங்களிடம் விட்டுப்போனதை ஒர்க்‌ஷாப்பில் கட்டிப்போட்டுவிட்டு வர வேண்டாம். பம்ப் வரட்டும், நாய்க்குப் புதுச் சான்றிதழ் வாங்குங்கள், பிறகு இரண்டு பேருமாக வாருங்கள். எந்த நாள் என்று எழுத வேண்டாம். சமையலறை ஜன்னலிலிருந்து சாலை தெரியும். அந்த எழுத்து எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

வரும்போது தாமதத்துக்குக் காரணம் எதுவும் கொண்டுவராதீர்கள். எல்லையில் அதையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

உங்கள் அக்கா மகள்,
அனலீயா